ஏரிமூலைச் சம்மனசு

பழவேற்காட்டில் அந்த நாளில் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள், அசன் முகைதீன் பாய்க்கு வருஷத்தில் மூன்று நாள் கிறுக்குப் பிடிக்கும் என்று. மிச்ச நாளெல்லாம் தங்கமான மனுஷன். ஏரியில் அள்ளுகிற கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பாக்குகிற காளவாய் இரண்டு அவருக்கு. பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, அந்தப் பக்கம் பெரியபாளையம் வரைக்கும் அவர் மூட்டைதான் போகும். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, கட்டம் போட்ட கைலி, தலையில் தொப்பி. காளவாய்க்குப் போனால்கூடச் சட்டையில் தூசு படாமல் நாலடி தள்ளி நின்றுதான் ஆள்களை விரட்டுவார். அப்பேர்ப்பட்டவர் அக்டோபர் மாசக் கடைசியில் அந்தச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, வாளியும் சுண்ணாம்பு மட்டையுமாகப் பரங்கிமேட்டுக் கல்லறைக் கோயிலுக்கு வெள்ளையடிக்கப் போய்விடுவார். அதுவும் தானே ஏணி ஏறி.

"இன்னா மொதலாளி, ஆளு கெடைக்கலியா, இல்ல ஊட்டுல தொரத்திட்டாங்களா?" என்று படகுத்துறையில் வம்புக்கு இழுப்பார்கள்.

"ஆளுங்களுக்கு இன்னா தெரியும்? கொழகொழன்னு அடிச்சி வெச்சிட்டுப் போயிடுவானுங்க. நீ உன் வலையப் பாரு" என்று ஒரு வெட்டு வெட்டிவிட்டு நடையைக் கட்டுவார் பாய். அதற்கு மேல் அவர் வாயைப் பிடுங்க முடியாது.

விஷயம் வேறு. அதைப் பதினோரு வருஷமாக அவர் யாரிடமும் சொல்லவில்லை, கட்டின பெண்டாட்டி கமர் நிஷாவிடம்கூட.

பரங்கிமேடு ஏரியை ஒட்டின மணல்மேடு. மேட்டில் கிறிஸ்தவர்களின் கல்லறைகள், நடுவில் அந்தக் கோயில். கோயில் என்றால் தினம் பூசை நடக்கிற கோயில் இல்லை. பிணத்தைக் குழியில் இறக்குவதற்கு முன்னால் பெட்டியைக் கொஞ்ச நேரம் வைத்து ஜெபம் சொல்வதற்காக எந்தக் காலத்திலோ ஒரு பரங்கி வியாபாரி கட்டிவைத்தது. இருநூறு வருஷத்துக்கு மேல் இருக்கும் என்பார் உபதேசியார் ஜெயராஜ். கோயில் சாவி அவரிடம்தான். வாசல் கல்லில் வருஷம் வெட்டியிருந்த இடத்தை உப்புக்காற்று தின்றுவிட்டது, ஆகையால் அவர் சொல்வதை நம்பித்தான் ஆகவேண்டும்.

வெளியிலிருந்து பார்த்தால் சதுரம். பெரிய உப்புப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்து வைத்தாற்போல் ஒரு அழகும் இருக்காது. நிலைக்கு மேலே மட்டும் கருங்கல்லில் ஒரு மண்டையோடு, இரண்டு பக்கமும் மணல் கடிகாரம். அதைப் பார்த்தே பாதிப் பேர் உள்ளே வரமாட்டார்கள். ஆனால் நுழைந்துவிட்டால், அப்பப்பா! உள்ளே எட்டுப் பட்டை. நாலு மூலையிலும் சுவரைக் கனமாக எழுப்பி, உள்பக்கத்தை எட்டுப் பக்கமாக மடக்கியிருந்தான் கட்டினவன். தரையில் கறுப்பும் வெளுப்புமாகச் சதுரக் கற்கள். நடுவில் பெட்டியை வைக்க இடுப்புயரத்துக்குக் கல்மேடை. சுவர் நெடுகச் சுதையில் கொடி ஓடும்; கொடியில் திராட்சைக் கொத்து, நடுநடுவே கசகசாக் காய். செத்தவர்கள் தூங்குகிறார்கள் என்பதற்குக் கசகசாக் காய் அடையாளமாம், அதுவும் உபதேசியார் சொன்னதுதான். தலைக்கு மேலே நீலம் தீட்டின கும்மட்டம், அதில் மங்கிப்போன தங்க நட்சத்திரங்கள். கும்மட்டம் சுவரில் வந்து உட்காருகிற இடத்தில் மூலைக்கு ஒன்றாக எட்டுச் சம்மனசுகள். பாய் வீட்டில் மலக்கு என்கிற தேவதூதனை இவர்கள் சம்மனசு என்பார்கள். முழு உடம்பு கிடையாது. கழுத்து வரைக்கும் குழந்தை மூஞ்சி, அதற்கடியில் இரண்டு குட்டிச் சிறகு, அவ்வளவுதான். எட்டும் ஒரே அச்சில் வார்த்தவை.

பாய் முதல்முதலாக அந்த வாசலைத் தாண்டினது நாற்பத்தைந்தாம் வருஷம். அப்போது வெள்ளையடித்துக்கொண்டிருந்தவன் பச்சையப்பன். "பாய், உன் சுண்ணாம்பு வேகாத சுண்ணாம்பு, செவுத்துல பொரிப்பொரியா வெடிக்குது" என்று அவன் ஆள் விட்டிருந்தான். தன் சரக்கைக் குற்றம் சொன்னதும் பாய்க்குச் சுருக்கென்று வந்துவிட்டது. வண்டி கட்டிக்கொண்டு நேரே வந்தார், சண்டை போடத்தான் வந்தார். விடிந்து இரண்டு நாழிகை இருக்கும். ஏரிக்கு எதிர்ப்பக்கத்துச் சுவரின் உயரத்தில் வட்டமாக ஒரு ஜன்னல் உண்டு, மஞ்சள் கண்ணாடி போட்டது. அதன் வழியாக வெளிச்சம் ஏரிமூலைச் சம்மனசின் மேல் விழுந்திருந்தது.

பாய் அண்ணாந்து பார்த்தார். அங்கே பரீதா இருந்தாள்.

பரீதா அவருடைய ஒரே பெண். ஆறு வயசு. அதற்கு இரண்டு மாசம் முன்னால்தான் மூன்று நாள் காய்ச்சலில் போயிருந்தாள். அதே முன்துருத்தின நெற்றி. அதே உப்பின கன்னம். வாய் லேசாகத் திறந்து, "வாப்பா, இன்னா எடுத்தாந்தே?" என்று கேட்கப்போகிற மாதிரியே இருந்தது. பாய், பெட்டி வைக்கிற கல்மேடை என்றுகூடப் பார்க்காமல் அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார். பச்சையப்பன், மொதலாளிக்குக் கிறுகிறுப்பு வந்துவிட்டது என்று பயந்து தண்ணீருக்கு ஓடினான். சுண்ணாம்புச் சண்டை அத்தோடு போச்சு.

அவருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியவேண்டும். பரீதாவுக்கு ஒரு போட்டோ கிடையாது. படம் எடுத்து வீட்டில் மாட்டுவது அந்தக் குடும்பத்தில் வழக்கமில்லை. ஆசைப்பட்டாலும் ஸ்டுடியோ பட்டணத்தில் இருந்தது. ஆறு வயசுப் பிள்ளையை அதற்காக யார் பட்டணம் கூட்டிப்போவார்கள்? கபரும் தங்கவில்லை. கபர்ஸ்தானில் மண்ணைக் குவித்துத் தலைமாட்டில் ஒரு கல் நட்டிருந்தார்கள். அடுத்த மழைக்கே ஏரி பொங்கி வந்து கல்லையும் குவியலையும் வாரிக்கொண்டு போய்விட்டது. பாய் வெள்ளிக்கிழமை தோறும் போய் ஃபாத்திஹா ஓதுவார், எந்த இடத்துக்கு நேராக நிற்பது என்று தெரியாமலே. பெற்ற பெண் இந்த உலகத்தில் இருந்தாள் என்பதற்கு அவரிடம் மிஞ்சினது அந்தச் சுதை மூஞ்சி ஒன்றுதான்.

மறு வருஷத்திலிருந்து அவரே மட்டையைப் பிடித்தார். மனசுக்குள் உறுத்தல் இல்லாமல் இல்லை. 'நான் இன்னா கும்பிடவா போறேன்? சுண்ணாம்பு அடிக்கப் போறேன். சுண்ணாம்பு என் தொழிலு' என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். ஏணியில் ஏறும்போது ஒரு தரம், இறங்கும்போது ஒரு தரம் சொல்லிக்கொள்வார். அந்த மூஞ்சியைக் கையால் தடவினதுகூட இல்லை, மட்டைதான் படும். ஆனால் அதற்கென்று தனிச் சரக்கு வைத்திருந்தார். ஒரு வருஷம் தொட்டியில் ஊறின சுண்ணாம்பை மல்துணியில் வடிகட்டி, கடுக்காய்த் தண்ணீர் விட்டு, முட்டை வெள்ளைக்கரு நாலு அடித்துக் கலந்து, ஒரு சிட்டிகை நீலம் போடுவார். மற்ற ஏழு சம்மனசுக்கும் சுவருக்கு அடிக்கிற சரக்கே ஒரு கோட்டு. ஏரிமூலைக்கு மட்டும் இந்தத் தனிச் சரக்கில் இரண்டு கோட்டு. பெருநாளைக்குத் தன் பெண்ணுக்குப் புதுச் சட்டை எடுத்தவர் தெருப் பிள்ளைகளுக்கா எடுத்தார்? அதே மாதிரிதான். மற்ற ஏழும் எப்படி இருக்கின்றன என்று அவர் ஏறிட்டுப் பார்த்ததே கிடையாது.

மூன்றாம் நாள் வேலை முடிந்து வீட்டுக்கு வருவார். முகம் தெளிந்திருக்கும். அன்றைக்கு மீன் குழம்பில் உப்புக் கூடினாலும் சத்தம் போடமாட்டார். கமர் நிஷா, பாவம், வேலை அலுப்பு என்று நினைத்துக்கொள்வாள்.

ஐம்பத்தாறாம் வருஷம், புரட்டாசி போய் ஐப்பசி பிறந்த சமயம். பக்கத்துத் தெரு சைதாவுக்கு நிக்காஹ். சைதா பரீதாவோடு ஒரே நாளில் ஓதப்போனவள், ஒரு வயசுக்காரி. கமர் நிஷா நிக்காஹ் வீட்டிலிருந்து வந்து, போர்த்தியிருந்த துப்பட்டியைக்கூட எடுக்காமல் கூடத்தில் உட்கார்ந்தாள். பாய் நாஷ்டா கேட்டார். அவள் எழுந்திருக்கவில்லை.

"இன்னா கமரு, ஒடம்பு செரியில்லியா?"

"சைதாவுக்குப் பூ வெச்சாங்க. நம்ம பொண்ணுக்கு வெச்சாப்பல நெனச்சிப் பாக்கலாம்னு கண்ண மூடினேன்" என்றாள் அவள். "மூஞ்சி ஒண்ணா வரமாட்டேங்குது. துண்டு துண்டா வருது. காது வருது, பல்லு வருது. முழுசா வரல. பெத்தவளுக்கே மூஞ்சி மறந்துபோச்சுன்னா, நான் இன்னா மனுஷி?"

அழுதாள். அவள் அழுது பாய் ரொம்ப நாளாகப் பார்த்ததில்லை. பொறுக்கமாட்டாமல் வாய்விட்டுவிட்டார். பரங்கிமேடு, எட்டுப் பட்டை, மஞ்சள் கண்ணாடி, ஏரிமூலை, இரண்டு கோட்டு, முட்டை வெள்ளை எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். சொல்லி முடித்தபோது அவள் ஆறுதல் அடைவாள் என்று எதிர்பார்த்தார், ஆண்பிள்ளை புத்தி.

கமர் நிஷா எழுந்து நின்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவரை 'நீங்க' என்று சொல்லித்தான் பழக்கம்.

"பதினோரு வருஷமா நீ மட்டும் பாத்துக்கினு இருந்தியா?" என்றாள்.

பாய் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துத் திருப்பினார்.

"நான் இங்க அடுப்புல வெந்துக்கினு கெடக்கறேன். நீ வருஷா வருஷம் போயி எம் பொண்ணப் பாத்துட்டு வந்து, எதிர்ல ஒக்காந்து சோறு துன்னுருக்க. ஒரு வார்த்த சொல்லணும்னு தோணல இல்ல?"

"கமரு, அது சிலை. சொன்னா நீ இன்னா நெனப்பியோன்னு..."

"நீ இன்னா நெனச்சியோ அதத்தான் நானும் நெனச்சிருப்பேன்" என்றாள் அவள். பிறகு பழைய மரியாதைக்குத் திரும்பி, "எனக்குப் பாக்கணுங்க. ஒரே ஒரு வாட்டி. அப்புறம் சாவுற வரைக்கும் கேக்கமாட்டேன்" என்றாள்.

இல்லை என்று எந்த வாயால் சொல்வார்? நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள், ஊர்ச் சனமெல்லாம் மெழுகுவர்த்தியோடு வந்துவிடும். அதற்கு இரண்டு நாள் முன்னால், புதன்கிழமை மத்தியானம் வெள்ளையடிப்பு முடிகிற நேரத்தில் ஆள் நடமாட்டம் இருக்காது. அன்றைக்கு வண்டிக்காரன் கலியனை அனுப்புவதாகச் சொன்னார். உபதேசியாரிடம் "எங்க ஊட்டுல கோயிலப் பாக்கணும்கறாங்க" என்று மட்டும் சொன்னார். ஜெயராஜுக்குப் பெருமை தாங்கவில்லை. தான் கட்டின கோயில் மாதிரி, "தாராளமா வரச்சொல்லு பாய், நானே எல்லாத்தையும் காட்டறேன்" என்றார். அவரை அன்றைக்குப் பொன்னேரிக்கு அனுப்பிவிடுவது எப்படி என்று பாய் யோசிக்க ஆரம்பித்தார்.

திங்கட்கிழமை காலையில் ஏணியைச் சாத்திவிட்டு, அண்ணாந்து பார்த்தார். இத்தனை வருஷமும் தன் கண்ணால் பார்த்தவர், அன்றைக்குத்தான் கமர் நிஷாவின் கண்ணால் பார்த்தார். 'இதோ பாரு, நம்ம பொண்ணு' என்று கை நீட்டிச் சொல்லிப் பார்த்தார்.

எங்கே பெண்? அங்கே ஒரு மாவு உருண்டை இருந்தது. கண் இருந்த இடத்தில் இரண்டு கோடு. மூக்கு கன்னத்தோடு கன்னமாகப் போயிருந்தது. வாய் என்று விரலால் அமுக்கினாற்போல் ஒரு பள்ளம். வெளிச்சம் போதவில்லையோ என்று கதவை அகலத் திறந்தார். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். உருண்டை உருண்டையாகவே இருந்தது. ஜெயராஜ் மூக்குப்பொடியை உறிஞ்சிக்கொண்டு உள்ளே வந்தார்.

"உபதேசியாரே, அந்த ஏரிமூலை எப்டி கீது?" என்று கேட்டார் பாய், சும்மா கேட்கிற மாதிரி.

"அதுவா? நானே சொல்லணும்னு இருந்தேன். எல்லாத்தையும் வுட ஊதிப்போயி கீது பாய். பொன்னுக்குவீங்கி வந்த புள்ளையாட்டம்!" என்று சிரித்தார் ஜெயராஜ்.

அவர் போன பிறகு பாய் கணக்குப் போட்டார். சுண்ணாம்புக்காரனுக்குச் சொல்லித் தரவேண்டுமா? மட்டையைப் பிடித்துப் பத்து வருஷம், வருஷத்துக்கு இரண்டு. இருபது கோட்டு, அதுவும் கெட்டிச் சரக்கு. அவளை மூடினது வேறு யாரும் இல்லை. பாசம் பாசம் என்று தன் கையாலேயே பெண்ணின் கண்ணையும் மூக்கையும் அடைத்திருந்தார். இன்னும் இரண்டு நாளில் பெற்றவள் வந்து நிற்பாள். சே, என்ன மனுஷன் நான் என்று தலையில் அடித்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை சுரண்டுவது என்று முடிவு செய்தார். கொத்துக் கரண்டி ஆகாது, மூஞ்சியில் கீறல் விழும். ஏரிக்கரையில் பொறுக்கின மட்டிச் சிப்பி ஓட்டை எடுத்துக்கொண்டார், அதன் விளிம்பு மெல்லிசு. புளித்தண்ணீரில் துணியை நனைத்து மூஞ்சியின் மேல் ஒட்டி ஒரு மணி நேரம் ஊறவிட்டார். கோட்டு ஒவ்வொன்றாக உரிந்து வரும், பதினைந்து பதினாறு போனதும் நிறுத்திவிடலாம், பழைய மூஞ்சி கிடைத்துவிடும் என்பது அவர் போட்ட திட்டம்.

ஓடு நெற்றியில் பட்டது. லேசாக அழுத்தினார். அவ்வளவுதான், நெற்றியோடு ஒரு கன்னம் முழுக்க ஒரே பத்தையாகப் பெயர்ந்து தரையில் விழுந்து நொறுங்கியது.

பதறிப்போய் இறங்கி, விழுந்ததைக் கையில் எடுத்துப் பார்த்தார். அவருடைய கோட்டுகள் இருபதும் முட்டை வெள்ளையில் ஒன்றோடொன்று இறுகி ஒரே ஓடாகியிருந்தன. அடியில் இருந்த பழைய சுண்ணாம்பு, அவருக்கு முன்னால் யார் யாரோ நூறு இருநூறு வருஷமாக அடித்தது, உப்பில் பொடிந்துபோயிருந்தது. ஓடு பெயரும்போது அந்தப் பொடியையும் வழித்துக்கொண்டு வந்துவிட்டது. சாதாரணச் சரக்கை அடித்திருந்தால் இப்படி ஆகியிருக்காது. ஒசத்தியான சரக்கைப் போட்டதால் வந்த வினை. பாதி மூஞ்சியை அப்படியே விடவும் முடியாது, தொழுநோய் வந்த மாதிரிப் பயங்கரமாக இருந்தது. மறுபடியும் ஏறி மிச்சத்தையும் எடுத்தார்.

மத்தியானத்துக்குள் மூஞ்சி துலங்கிவிட்டது. வார்த்தவன் வார்த்தபடி, நேற்று அச்சிலிருந்து எடுத்தது மாதிரி கூர்மையாக இருந்தது. நெற்றியில் சுருள் சுருளாக மயிர். கண்ணில் கருமணிகூடக் குடைந்திருந்தான். கூரான மூக்கு, இரட்டைத் தாடை, இறுக்கி மூடின உதடு. யாரோ ஒரு வெள்ளைக்காரன் வீட்டுப் பிள்ளை, நாற்பது வயசு ஆள் மாதிரி முறைத்துக்கொண்டிருந்தது. அதில் பரீதா இல்லை. ஒரு சாயல்கூட இல்லை. என்றைக்குமே இருந்ததில்லை. பழைய ஆள்கள் அடித்த சுண்ணாம்பு அந்தக் கூர்மையெல்லாம் மழுக்கி, உதட்டைத் திறந்தாற்போல் காட்டி, ஏதோ ஒரு வருஷத்தில் அவர் பெண்ணாக்கி வைத்திருந்தது. அவள் இருந்தது அந்தப் பொடியில். அந்தப் பொடி இப்போது கறுப்பும் வெளுப்புமான கல்லின் மேல் சிதறிக் கிடந்தது, பாதி அவர் காலடியில் மிதிபட்டிருந்தது.

பாய் ஏணியின் கடைசிப் படியில் உட்கார்ந்து அழுதார். பரீதாவைக் குளிப்பாட்டித் தூக்கின அன்றைக்குக்கூட, ஆம்பிளை அழக்கூடாது என்று நாலு பேர் சொன்னதால் அடக்கிக்கொண்டிருந்தார். அதெல்லாம் சேர்த்து இப்போது வந்தது.

சாயங்காலம் ஜெயராஜ் வந்தவர் வாயைப் பிளந்தார். "ஆண்டவரே! இவ்ளோ அழகா கீதா அடியில? பாய், நீ மனுஷனே இல்ல! மிச்ச ஏழையும் இப்டியே சுத்தம் பண்ணிடேன்!"

"வேணாம்" என்றார் பாய்.

"ஏன் பாய், ஒரு மூலை மட்டும்..."

"வேணாம்னு சொல்றேன் இல்ல!" என்று கத்தினார். கும்மட்டம் அதைத் திருப்பிச் சொன்னது. உபதேசியார், இந்த வருஷக் கிறுக்கு முற்றிப்போச்சு என்று முனகிக்கொண்டு போனார். மறுநாள் அவரைப் பொன்னேரிக்கு அனுப்ப வழி தேடுகிற வேலை பாய்க்கு இல்லாமல் போனது, அவரே வரவில்லை.

புதன்கிழமை பொழுது தூறலோடு விடிந்தது. மழையைச் சாக்காகச் சொல்லி வரவேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று பார்த்தார் பாய். கமர் நிஷா முந்தின ராத்திரியே துப்பட்டியைத் துவைத்து உலர்த்தி மடித்து வைத்திருந்தாள். அதைப் பார்த்ததும், கலியனிடம் வண்டி கட்டச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். மத்தியானம் கலியன் வண்டி மேட்டடியில் வந்து நின்றது. அவள் கல்லறைகளுக்கு நடுவே சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எதையும் பார்க்காமல், குனிந்த தலை நிமிராமல் வந்தாள். மண்டையோட்டையும் பார்க்கவில்லை. பாய் ஏரிமூலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். உள்ளதைச் சொல்லிவிடுவது என்று தீர்மானம் பண்ணியிருந்தார். 'கமரு, நான் கெடுத்துட்டேன்.' இந்த மூன்று வார்த்தையைக் காலையிலிருந்து வாய்க்குள் உருட்டிக்கொண்டிருந்தார்.

அவள் வாசலைத் தாண்டி உள்ளே வந்தாள். தலையை நிமிர்த்தினாள். கும்மட்டத்தைப் பார்த்தாள், நட்சத்திரத்தைப் பார்த்தாள். ஏரிமூலை எந்தப் பக்கம் என்று அவளுக்குத் தெரியவில்லை. மெல்ல ஒரு சுற்றுத் திரும்பினாள். வாசலுக்கு இடது கைப்பக்கத்து மூலையில் கண் நின்றது. அங்கிருந்து நகரவில்லை.

"யா அல்லா" என்றாள்.

பாய் அவள் பார்க்கிற திக்கைப் பார்த்தார். அந்தச் சம்மனசுக்கு அவர் வருஷத்துக்கு ஒரு கோட்டு அடித்ததோடு சரி. திரும்பிக்கூடப் பார்த்ததில்லை.

"இதோ கீறாளே! எம் பொண்ணு! நெத்தியப் பாருங்களேன். வாயப் பாருங்க, இன்னாத்தையோ கேக்க வராப்பல..." துப்பட்டி தலையிலிருந்து வழுக்கித் தோளில் விழுந்தது, அவள் அதை எடுத்துப் போட்டுக்கொள்ளவில்லை. கண்ணீர் கன்னத்தில் இறங்கிக்கொண்டிருந்தது, முகம் சிரித்துக்கொண்டிருந்தது. "முழுசா வந்துட்டா. துண்டு துண்டா வந்தவ முழுசா வந்துட்டாங்க."

பாய் அருகே போய் நின்றார். எல்லாம் ஒரே அச்சு. ஒரு கோட்டுக் கணக்கில் வந்த இந்த மூலை, ஐந்தாறு வருஷம் முன்னால் ஏரிமூலை இருந்த பதத்தில் இப்போது இருக்கவேண்டும் என்று அவருடைய தொழில் புத்தி சொன்னது. அப்படியானால் அவள் இங்கே இருக்கத்தானே வேண்டும்? கண்ணை இடுக்கிப் பார்த்தார். ஒரு எட்டுப் பின்னால் போய்ப் பார்த்தார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் சுருள் மயிரும் கூர் மூக்கும் இறுகின உதடும்தான். சுண்ணாம்புக்கு அடியில் இருப்பவனை நேற்றுப் பார்த்துவிட்ட கண், மேலே இருப்பவளைப் பார்க்கமாட்டேன் என்றது.

சரி, கண்ணை மூடிப் பார்ப்போம் என்று மூடினார். உள்ளேயும் பரீதா இல்லை. இத்தனை வருஷமும் மனசில் வைத்திருந்தது பெண்ணின் முகத்தை இல்லை, ஏரிமூலைச் சுதையைத்தான். அதைத்தான் நேற்று உரித்துப் போட்டாயிற்று. ஆறு வருஷம் தோளில் தூக்கித் திரிந்த பிள்ளையின் முகம், வாப்பாக்காரனுக்கு ஒரு துண்டுகூட வரவில்லை.

"அவதானே?" என்று கேட்டாள் கமர் நிஷா, கண்ணை எடுக்காமல்.

"ஆமா" என்றார்.

"ஏரிமூலைன்னு சொன்னீங்க?"

"அன்னிக்குப் பதட்டத்துல திக்குத் தெரியாம சொல்லிட்டேன்."

"இதுக்கு இனிமே வெள்ள அடிக்காதீங்க. அழுக்காவே இருக்கட்டும்."

"அடிக்கமாட்டேன்."

தூறல் வலுத்தது. அவள் கறுப்புக் கல்லில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள், மேலே பார்த்தபடியே. கொஞ்சம் நகர்ந்து அவருக்கும் இடம் விட்டாள். அவர் மீது இருந்த கோபம் எங்கே போச்சோ தெரியவில்லை. பாய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். கையெல்லாம் சுண்ணாம்பு வெடிப்பு, எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார்.

"கமரு."

"உம்?"

"அவ மூக்கு எப்டி இருக்கும்?"

"இன்னா கேள்வி இது? இதோ கீது, பாருங்களேன்" என்று கையை நீட்டினாள் அவள். அவர் அண்ணாந்து பார்க்காததால் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். நீட்டின கை மெல்ல இறங்கி அவர் கைமேல் வந்து படிந்தது.

"மூக்கு உங்களுது மாதிரி" என்றாள். "அடி அகலம், நுனி உருண்டை. சளி புடிச்சா செவந்துபோவும். இடது மூக்குக்குக் கீழ ஒரு மச்சம், கடுகு சைசுல. நீங்க அத எறும்புன்னு சொல்லி ஊதுவீங்க. அவ நெசமாவே எறும்புன்னு நெனச்சிக்கினு கத்துவா."

பாய் கண்ணை மூடிக்கொண்டார்.

"மெதுவா சொல்லு, கமரு" என்றார். "ஒண்ணு ஒண்ணா வெச்சிக்கினு வரேன்."